கொம்பியூட்டர் சிலோ, சி டிரைவ் சிவப்பு: வன்னியில ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதிலும்

கீழ சொல்லுறது எல்லாம் வின்டோஸ் 10, 11 போட்ட வீட்டு கொம்பியூட்டருக்கும் லப்டொப்புக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மல்லாவிப் பக்கம் வீடுகளில கிடக்கிறது கூடுதலா ரெண்டு வகைதான், ஒண்டு கொரோனா நேரம் சூம் வகுப்புக்கெண்டு அவசரத்தில வாங்கினது, மற்றது கனடாவில சுவிஸில இருக்கிற சித்தப்பா, மாமா பாவிச்சுப்போட்டு அனுப்பினது. ரெண்டும் இப்ப கிழவாகிட்டுது, ஆனால் எறியிற அளவுக்கு இல்லை.

ஒன் பண்ணிப்போட்டு தேத்தண்ணி வச்சுக் குடிச்சு முடியத்தான் ஸ்கிரீன் வருது. சி டிரைவும் சிவப்பா நிக்குது. அந்தச் சிவப்பை எடுத்தால் கெதியா வேலை செய்யுமோ?

அநேகமா இல்லை. இடம் இல்லாமப் போறது ஒரு வருத்தம், இழுபடுறது இன்னொரு வருத்தம், ரெண்டும் ஒரே லப்டொப்பில வாறதால ஆக்கள் ஒண்டெண்டு நினைச்சு, இருக்கிற படம் பாட்டெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு பிறகும் சிலோ எண்டு தலையில கை வைக்கினம்.

சிவப்புக் கோடு வாறது டிரைவில பத்து வீதத்துக்குக் குறைய இடம் மிஞ்சினால். அப்ப அப்டேட் ஒழுங்கா ஏறாது, ராம் (ஓடுற வேலையளை அந்தநேரம் வச்சிருக்கிற மெமரி) காணாத நேரம் வின்டோஸ் டிஸ்கில எழுதி வைக்கிற பேஜ் பைலுக்கு இடம் காணாது, அதால சிலோ ஆகும், அது உண்மை. ஆனால் பாதி டிரைவ் வெறுமையாக் கிடந்தும் அஞ்சு நிமிசம் இழுக்கிற லப்டொப்புகள்தான் கனக்க.

எது எண்டு கண்டுபிடிக்கிறது லேசு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்துங்கோ, டாஸ்க் மனேஜர் வரும், அதில பெர்போமன்ஸ் எண்ட இடத்தைப் பாருங்கோ. டிஸ்க் 100 வீதத்தில ஒட்டிக்கொண்டு நிண்டு பக்கத்தில எச்டிடி எண்டும் இருந்தால், உங்கட பிரச்சினை பழைய ஹார்ட்டிஸ்க். மெமரி 85, 90 எண்டு நிண்டால் ராம் காணாது. சிபியு, அதாவது புரொசசர், எந்தநேரமும் உச்சியில நிண்டால் வைரஸா இருக்கலாம், அப்டேட் ஓடலாம், இல்லாட்டி உள்ளுக்குப் புழுதி அடைஞ்சு சூடாகுது. இதைப் பாக்காமல் ஒரு பைலும் அழிக்காதேங்கோ, ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ.

சரி, எனக்கு இடம்தான் பிரச்சினை. ஆனால் நான் ஒண்டுமே போடேல்லையே, எங்க போகுது இவ்வளவு இடமும்?

எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம். செட்டிங்ஸ் போய் சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ். கொஞ்சம் ஆறுதலா எண்ணி முடிச்சு எது எவ்வளவு தின்னுது எண்டு காட்டும். இன்னும் வடிவாப் பாக்க வேணுமெண்டால் விஸ்ட்ரீ எண்டு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, வீட்டுப் பாவனைக்கு இலவசம், முழு டிஸ்கையும் கொஞ்ச செக்கன்ல வாசிச்சு பெரிய பைலை மேல கொண்டுவந்து நிப்பாட்டும்.

எங்கட பக்கத்து லப்டொப்புகளில பிடிபடுற ஆக்கள் கிட்டத்தட்ட ஒரே ஆக்கள்தான். முதலாவது ரெலிகிராம். அதில எடுத்த சினிமாப் படம் எல்லாம் டவுன்லோட்ஸுக்குள்ள ரெலிகிராம் டெஸ்க்டொப் எண்ட போல்டரில கிடக்கும், பாத்து முடிச்சதும் ஒருத்தரும் அழிக்கிறேல்லை, ஒவ்வொண்டும் ஒண்டரை ஜிபி, ரெண்டு ஜிபி. இதைவிட ரெலிகிராமுக்கு உள்ளுக்கு தனியா ஒரு கேஷ் (பாத்ததைத் தற்காலிகமாச் சேத்து வைக்கிற இடம்) இருக்கு, செட்டிங்ஸில அட்வான்ஸ்ட் போய் மனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ் எண்டதில கிளியர் பண்ணலாம். ரெண்டாவது டொக்கியுமென்ட்ஸுக்குள்ள சூம் எண்ட போல்டர், 2020, 2021ல பிள்ளையள் ரெக்கோர்ட் பண்ணின ரியூஷன் வகுப்பெல்லாம் அங்க தூங்கும், அந்தப் பிள்ளை இப்ப கம்பஸும் போயிருக்கும். மூண்டாவது கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ, கமராக்காரர் பென் டிரைவில தந்ததை டெஸ்க்டொப்பில ஒருக்கா, டி டிரைவில ஒருக்கா, தம்பி எடிட் பண்ணவெண்டு இன்னொருக்கா, ஒரே பைல் மூண்டு இடத்தில. ஐபோன் பாவிக்கிற வீடு எண்டால் ஐடியூன்ஸ் எடுத்த பக்கப்பையும் பாருங்கோ, சத்தமில்லாமல் பத்திருபது ஜிபி சாப்பிடும்.

வேர்ட் பைலும் பிடிஎஃப்பும் இடத்தைப் பிடிக்கிறேல்லை. பிரதேச செயலகத்துக்குக் குடுத்த படிவத்தை எல்லாம் அழிச்சு இடம் எடுக்கிறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ, நூறு பிடிஎஃப் அழிச்சாலும் ஒரு சினிமாப் படத்தின்ர இடம் வராது, பிறகு அந்தப் படிவத்தையே தேடிக்கொண்டு திரிவியள்.

பயமில்லாமல் அழிக்கக்கூடியது எது?

ரீசைக்கிள் பின். பிறகு ஸ்டோரேஜுக்குள்ள டெம்பரரி பைல்ஸ் எண்டு இருக்கிறது. அதில டெலிவரி ஒப்டிமைசேஷன், தம்நெயில், டெம்பரரி இன்டர்நெட் பைல்ஸ், அப்டேட் கிளீனப் எல்லாத்துக்கும் டிக் போடலாம். முந்தின வின்டோஸ் இன்ஸ்டலேஷன் எண்டு ஒண்டு காட்டினால் அது பத்து, இருபது ஜிபி கூட வரும், பெரிய அப்டேட் ஏறினபிறகு பழசுக்குத் திரும்பிப் போகவெண்டு வச்சிருக்கிறது. பத்து நாளில தானாப் போகும், புதுசு ஒழுங்கா வேலை செய்தால் இப்பவே எடுக்கலாம்.

ஒண்டை மட்டும் கவனியுங்கோ. அதே லிஸ்டில டவுன்லோட்ஸ் எண்டும் ஒரு பெட்டி நிக்கும். அதுக்கு டிக் போட்டால் உங்கட டவுன்லோட்ஸ் போல்டர் முழுக்கத் துப்புரவாப் போயிடும், கேக்காது சொல்லாது. நிறையப் பேருக்கு டவுன்லோட்ஸ்தான் அலுமாரி, பிள்ளையின்ர அசைன்மென்ட்டும் அங்கதான், காணி உறுதி ஸ்கான் பண்ணினதும் அங்கதான்.

வின்டோஸ் போல்டருக்குள்ள ஒண்டு 10 ஜிபிக்கு மேல காட்டுது, அதை அழிக்கட்டோ?

வின்எஸ்எக்ஸ்எஸ் எண்ட போல்டரைத்தான் கேக்கிறியள். தொடாதேங்கோ. அது காட்டுற அளவும் உண்மை இல்லை, ஒரே பைலை ரெண்டு இடத்தில எண்ணுறதால கூடக் காட்டும். கையால அழிச்சால் அடுத்தமுறை ஒன் ஆகாமலும் போகும். மேல சொன்ன அப்டேட் கிளீனப்தான் அதை ஒழுங்கா மெலிய வைக்கிற வழி. புரோகிராம் ஒண்டை எடுக்கிறதெண்டாலும் புரோகிராம் பைல்ஸுக்குள்ள போய் போல்டரை அழிக்காமல், செட்டிங்ஸில அப்ஸ் போய் அன்இன்ஸ்டோல் குடுங்கோ.

ஹைபர்னேஷன் பைல் எண்டு, நிப்பாட்டேக்க ராமில இருக்கிறதைக் காப்பாத்தி வைக்கிற பைல் மறைஞ்சு ஒண்டு கிடக்கும், ராமில 40 வீதம் மட்டில, அதாவது 8 ஜிபி ராம் எண்டால் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல. கொமாண்ட் புரொம்ப்ட் எண்ட, கட்டளை அடிக்கிற பெட்டியை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, இங்கிலிஷில பி ஓ டபிள்யூ ஈ ஆர் சி எஃப் ஜி எண்டு இடைவெளி விடாமல் ஒட்டி அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, முன்பக்கம் சாஞ்ச கோடு போட்டு அதோட ஒட்டி எச், திரும்ப ஒரு இடைவெளி, பிறகு ஓ எஃப் எஃப். எண்டர் அடிச்சால் அந்த இடம் திரும்ப வரும். ஆனால் அதோட கெதியா ஒன் ஆக்கிற பாஸ்ட் ஸ்டார்ட்டப் எண்ட வசதியும் போகும், பழைய ஹார்ட்டிஸ்க் எண்டால் ஒன் ஆகிறது இன்னும் பிந்தும். எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்குக்குப் பதிலாப் போடுற, சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்ட ஆக்கள் செய்யுங்கோ, மற்றவை விடுங்கோ.

500 ஜிபி எண்டு சொல்லி வித்தவை, 465 எண்டுதான் காட்டுது. கடைக்காரன் பேய்க்காட்டிட்டானோ?

இல்லை பாவம். செய்யிற கொம்பனி ஆயிரம் ஆயிரமா எண்ணும், வின்டோஸ் 1024, 1024ஆ எண்ணும், அதால 500 எண்டது 465 ஆகும், 1 டிபி எண்டது 931 ஆகும். உலகம் முழுக்க இப்பிடித்தான்.

பழைய போட்டோக்கள்தான் கனக்கக் கிடக்கு. அழிக்க மனமில்லை, எங்க வைக்கிறது?

அழிக்கவேண்டாம். எங்கட ஆக்கள் கனபேருக்கு 2009க்கு முந்தின அல்பம் ஒண்டும் கையில இல்லை, இருக்கிறது வெளிநாட்டுச் சொந்தக்காரரிட்ட இருந்த பிரதியை ஸ்கான் பண்ணி அனுப்பினதுதான், அது வட்ஸ்அப்பில வந்து இந்த லப்டொப்பில ஒரு மூலையில கிடக்கும். அப்பிடியான படத்துக்கு இடக்கணக்குப் பாக்கேலாது.

வெளியால கொழுவுற ஹார்ட்டிஸ்க் ஒண்டு வாங்குங்கோ. சேத்து வைக்கிறதுக்கு எஸ்எஸ்டி தேவையில்லை, சாதாரணமானது காணும். கட் பண்ணிப் பேஸ்ட் பண்ணாதேங்கோ, கொப்பி பண்ணுங்கோ, பிறகு அங்க நாலைஞ்சு படத்தைத் திறந்து பாருங்கோ, கேபிளைக் கழட்டித் திரும்பக் கொழுவியும் பாருங்கோ, எல்லாம் சரியெண்டால் மட்டும் இஞ்ச அழியுங்கோ. அப்பவும் ஒரு கொப்பிதான் இருக்கு எண்டால் அது பத்திரம் இல்லை, முக்கியமானதை இன்னொரு இடத்திலயும் வையுங்கோ. கூகிள் கணக்கில 15 ஜிபி இலவசம், 2021 ஜூனில இருந்து கூகிள் போட்டோஸும் அந்தக் கணக்குக்குள்ளதான் வருது, அதால வீடியோவை விட்டுப்போட்டு பழைய போட்டோவை மட்டும் ஏத்தினால் கனகாலம் தாங்கும். பென் டிரைவ் கொண்டுபோய்க் குடுக்கத்தான் நல்லது, வருசக்கணக்கா மேசை லாச்சிக்குள்ள வச்சு நம்பேலாது.

வட்ஸ்அப்பில படத்தை அனுப்பேக்க டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லுங்கோ, இல்லாட்டி அது சுருக்கித்தான் அனுப்பும், பெரிசாப் பிரிண்ட் எடுக்கேக்க முகம் கலங்கிப்போய் வரும்.

கிளீனர் சொப்ட்வெயார் ஒண்டு போட்டால் எல்லாம் தானாச் செய்யுமாமே?

தேவையில்லை. மேல சொன்னதைத்தான் அதுவும் செய்யுது, கூட ரெஜிஸ்ட்ரி (வின்டோஸ் தன்ர செட்டிங்ஸ் விபரங்களை எழுதி வைக்கிற இடம்) கிளீன் எண்டு ஒரு பயங்காட்டு, அதால வேகம் கூடினதா நான் காணேல்லை. 2017ல சிசிகிளீனரின்ர 5.33 எண்ட பதிப்புக்குள்ளயே களவாக் கெட்ட புரோகிராமைப் புகுத்தி விட்டிருந்தவங்கள், கொம்பனியின்ர சொந்தத் தளத்தில இருந்து இறக்கினவையும் மாட்டுப்பட்டவை. உங்கட பிசியில 1,347 பிழை எண்டு துள்ளுற விளம்பரங்கள் அதைவிட மோசம், அமத்தாதேங்கோ.

அன்டிவைரஸும் ரெண்டு மூண்டு வேண்டாம். வின்டோஸோட வாற டிபெண்டர் வீட்டுக்குக் காணும். களவு அன்டிவைரஸும் அதுக்கொரு கிராக்கும் (காசு கட்டாமல் பூட்டை உடைக்கிற புரோகிராம்) போடுறது கள்ளனைக் காவலுக்கு வைக்கிற வேலை.

காசு செலவழிக்காமல் வேகம் கூட்ட ஏலாதோ?

கொஞ்சம் ஏலும். டாஸ்க் மனேஜரில ஸ்டார்ட்டப் எண்ட பக்கத்தில ரெலிகிராம், ஸ்கைப், டொரண்ட், கேம் லோஞ்சர், பிரிண்டர்க்காரன்ர அப்டேட்டர் எல்லாம் லைனில நிக்கும். தேவையில்லாததை டிசேபிள் பண்ணுங்கோ, அது அழியாது, தானா ஓடுறது மட்டும் நிக்கும். சவுண்ட், டச்பாட், கிராபிக்ஸ் எண்டு பேர் வாறதை விட்டிடுங்கோ.

குரோமில இருபது டாப் திறந்து வைக்கிற பழக்கத்தை விட்டால் 4 ஜிபி ராம் லப்டொப்பும் மூச்சு விடும். குரோமின்ர செட்டிங்ஸில மெமரி சேவர் எண்டு இருக்கு, போட்டு விடுங்கோ.

இன்னொண்டு, ஷட்டவுண் பண்ணுறதும் ரீஸ்டார்ட் பண்ணுறதும் ஒண்டில்லை. பாஸ்ட் ஸ்டார்ட்டப் போட்டிருந்தால் ஷட்டவுண் பண்ணேக்க வின்டோஸ் முழுசா நிக்காது, பாதியைக் காப்பாத்தி வச்சு மற்ற நாள் அதில இருந்து எழும்பும். அதால கிழமைக்கு ஒருக்கா ரீஸ்டார்ட் குடுங்கோ. இதோடயே பாதி முறைப்பாடு முடியும்.

சிம் டேட்டாவில ஓடுற வீடு எண்டால் வைபை செட்டிங்ஸில மீட்டர்ட் கனெக்ஷன் எண்டு ஒன் பண்ணுங்கோ. பிள்ளை வகுப்பில இருக்கேக்க பின்னால அப்டேட் இறங்கி டேட்டாவையும் முடிச்சு டிஸ்கையும் இறுக்கிறது குறையும். பிறகு வை-ஃபை நல்லா உள்ள இடத்துக்குக் கொண்டுபோகேக்க அப்டேட் பண்ண மறக்கவேண்டாம்.

எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி எண்டு எல்லாரும் சொல்லுகினம். உண்மையா அவ்வளவு வித்தியாசமோ?

ஓம். காசு ஒரு இடத்தில மட்டும்தான் போடலாம் எண்டால் இதில போடுங்கோ.

பழைய லப்டொப் ஹார்ட்டிஸ்குக்குள்ள ஒரு தட்டு நிமிசத்துக்கு 5400 தரம் சுத்துது, அதுக்கு மேல ஒரு ஊசி அங்க இஞ்ச ஓடித் தேடுது. ஒரு தேடலுக்கு பத்துப் பதினைஞ்சு மில்லிசெக்கன் போகும். வின்டோஸ் ஒன் ஆகேக்க ஆயிரக்கணக்கான சின்னச்சின்னப் பைல் கேக்கும், ஒவ்வொண்டுக்கும் ஊசி ஓடோணும், அதான் டிஸ்க் 100 எண்டு நிக்கிறது. எஸ்எஸ்டியில சுத்துற சாமான் ஒண்டும் இல்லை, அதே தேடல் 0.1 மில்லிசெக்கன் மட்டில முடியும். தேத்தண்ணி வைக்க நேரம் இருக்காது.

வாங்க முதல் உங்கட லப்டொப் என்ன வகையைக் கொள்ளும் எண்டு பாருங்கோ. பழசுகளில சாட்டா எண்ட கொழுவல் வகையில இரண்டரை இஞ்சிச் சாமான், பழைய ஹார்ட்டிஸ்கைக் கழட்டின இடத்திலயே பூட்டலாம். புதுசுகளில எம் டொட் டூ எண்டு சுவிங்கம் மாதிரி நீட்டுச் சாமான், அதிலயும் சாட்டா, என்விஎம்ஈ எண்டு ரெண்டு ஜாதி, மாறி வாங்கினால் வேலை செய்யாது. பின்மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போறது நல்லம். 240, 256 ஜிபி வின்டோஸுக்கும் படிப்புக்கும் காணும். கழட்டின பழைய ஹார்ட்டிஸ்கைக் கடையில விட்டிட்டு வராதேங்கோ, அதில உங்கட எல்லாம் கிடக்கு, ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கிப் போட்டால் போட்டோ வைக்க அதுவே காணும். ஆனால் முதல் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ எண்ட புரோகிராமில பாருங்கோ, நீலத்தில குட் எண்டால் சரி, மஞ்சளில கோஷன் எண்டால் அண்டைக்கே உள்ளதைக் கொப்பி பண்ணி எடுங்கோ.

ஒன்லைனில 16 டிபி எஸ்எஸ்டி அரைவிலைக்கு எண்டு வாறது பொய்ச்சாமான். உள்ளுக்கு ஒரு சின்ன மெமரி கார்ட் இருக்கும், அளவை மட்டும் பெரிசாக் காட்டும், நிரம்பினபிறகு போடுற பைல் எல்லாம் காத்தோட போகும்.

எஸ்எஸ்டிக்கு டிபிராக் (சிதறிக் கிடக்கிற பைல் துண்டுகளை ஒண்டா அடுக்கிறது) செய்யிற சொப்ட்வெயார் ஒண்டும் போடாதேங்கோ. அதுக்குத் தேவையான டிரிம் எண்ட, அழிச்ச பைலின்ர இடத்தை விடுவிக்கிற வேலையை வின்டோஸ் தானாச் செய்யும். முழுக்க நிரப்பவும் வேண்டாம், கொஞ்ச இடம் வெறுமையா இருந்தால்தான் அது வேகமா எழுதும்.

ராம்?

4 எண்டால் 8 ஆக்குங்கோ. டிடிஆர்3, டிடிஆர்4 ஒண்டுக்கொண்டு பொருந்தாது, எது எண்டு பாத்து வாங்குங்கோ. சிலதில ராம் போர்டோட ஒட்டித்தான் வரும், ஒண்டும் செய்யேலாது.

வெயில் நேரம்தான் சரியான சிலோ, இரவில நல்லா ஓடுது. இது என்ன விசர்?

விசர் இல்லை, வெக்கை. புரொசசர் 100 பாகை செல்சியசுக்குக் கிட்டப் போனால் தன்னைக் காப்பாத்த வேகத்தைத் தானாக் குறைக்கும். தகரக் கூரைக்குக் கீழ, மத்தியானம், மெத்தைக்கு மேல வச்சு வகுப்புப் பாத்தால் அது வேற என்ன செய்யும்.

எங்கட பக்கத்தில கூட ஒரு காரணம் புழுதி. மாங்குளத்தில இருந்து உள்ளுக்குப் போற கிரவல் றோட்டுப் பக்க வீட்டில இருந்து வாற லப்டொப்பைத் திறந்தால், பானுக்கும் அந்த மெல்லிய செப்புத் தகட்டுக்கும் நடுவில சிவப்புப் புழுதி படிஞ்சு, தலைமயிரும் பஞ்சும் சேந்து, சாக்குத்துண்டு மாதிரி ஒரு படையா நிக்கும், நகத்தால கிளப்பினால் முழுசா உரிஞ்சு வரும். அதை எடுத்துப்போட்டு புரொசசருக்கு மேல பூசிக் கிடக்கிற, வெக்கை கடத்துற பழைய பேஸ்டைத் துடைச்சுப் புதுசு பூசினால் இரைச்சலும் அடங்கும், வேகமும் வரும். மேசைக் கொம்பியூட்டருக்குள்ள பல்லிமுட்டையும் எறும்புக்கூடும் கூட இருக்கும்.

வீட்டில செய்யிறதெண்டால் கரண்டைக் கழட்டி, பற்றரி கழருமெண்டால் அதையும் கழட்டி, பானை ஒரு குச்சியால சுத்தாமல் பிடிச்சுக்கொண்டு புளோவரால ஊதுங்கோ. வாயால ஊதாதேங்கோ, எச்சில் ஈரம் போர்டில படும். துணியால மூடி வைக்கிற ஆக்கள் ஒன்ல இருக்கேக்க துணியை எடுங்கோ.

கரண்ட் அடிக்கடி போறதாலயும் சிலோ ஆகுமோ?

எழுதிக்கொண்டு இருக்கேக்க நிண்டால் பைல் பழுதாகும், ஹார்ட்டிஸ்கில பிழையும் விழலாம், 2022ல மணிக்கணக்கா கரண்ட் வெட்டின காலத்தில கனக்க டிஸ்க் இப்பிடித்தான் போனது. மேசைக் கொம்பியூட்டர் எண்டால் சின்ன யுபிஎஸ் ஒண்டு வையுங்கோ. லப்டொப்புக்குச் செத்த பற்றரியை மாத்துறதே யுபிஎஸ்தான்.

பிரிண்ட் எடுக்கக் குடுத்த பென் டிரைவில எல்லாம் ஷோர்ட்கட் ஆகிட்டுது. பைல் எல்லாம் போயிட்டுதோ?

போகேல்லை, வைரஸ் மறைச்சு வச்சிருக்கு. அந்த ஷோர்ட்கட்டை அமத்தாதேங்கோ, அமத்தினால் உங்கட கொம்பியூட்டருக்கும் ஏறும். டிபெண்டரால ஸ்கான் பண்ணி, பிறகு எக்ஸ்புளோரரில வியூ போய் ஹிடன் ஐட்டம்ஸ் காட்டச் சொல்லுங்கோ. அதிலயும் தெரியாட்டி போல்டர் ஒப்ஷன்ஸில ஓப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸை மறைக்கிற டிக்கை எடுங்கோ, பேரில்லாத போல்டர் ஒண்டுக்குள்ள எல்லாம் இருக்கும்.

வின்டோஸ் 10 முடிஞ்சுதாம், 11 போடச் சொல்லுகினம். போடலாமோ?

2025 ஒக்டோபர் 14ஓட வின்டோஸ் 10க்கு வழமையான இலவச அப்டேட் நிண்டது. கொம்பியூட்டர் நிக்கேல்லை, ஓடும், புது ஓட்டையளை அடைக்கிற வேலை மட்டும் நிக்கும். வீட்டுப் பாவனைக்காரருக்கு ஒரு வருச நீட்டிப்பு 2026 ஒக்டோபர் மட்டும் குடுத்தவை, அப்டேட் பக்கத்திலயே பதியலாம்.

11க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல் எண்டால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையில இருந்துதான். ஐந்தாம், ஆறாம் தலைமுறையில வலுக்கட்டாயமாப் போட்டுத் தாற ஆக்கள் இருக்கினம், ஹார்ட்டிஸ்க் லப்டொப்பில அப்பிடிப் போட்டு அழுதவையும் இருக்கினம். நெட் பாக்க, டைப் பண்ண, படம் பாக்க மட்டும் எண்டால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ நல்லா ஓடும், இலவசம், தமிழும் அடிக்கலாம். பென் டிரைவில போட்டு இன்ஸ்டோல் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம்.

எல்லாத்தையும் விட ஒரேயடியா போர்மட் பண்ணட்டோ?

கடைசி வழிதான். ஹார்ட்டிஸ்க் பழசு எண்டால் போர்மட் பண்ணினாலும் ஒரு மாசத்தில அதே கதி, எஸ்எஸ்டி மாத்தேக்க சேத்துச் செய்யிறதுதான் புத்தி.

செய்ய முதல் டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் நாலும் சி டிரைவிலதான் இருக்கு எண்டதை நினைவு வையுங்கோ, கடைக்காரர் சி-யை மட்டும்தான் அடிக்கிறன் எண்டு சொல்லேக்க அந்த நாலும் சேந்துதான் போகும். குரோம் பாஸ்வேர்டுகளைக் கணக்கோட சிங்க் பண்ணுங்கோ. ரீச்சர்மார், சங்கத்துச் செயலாளர்மார் முக்கியமா பாமினி எண்ட தமிழ் எழுத்துருவை, அதாவது பொண்டைக் கொப்பி பண்ணி வையுங்கோ, வின்டோஸ் போல்டருக்குள்ள பொண்ட்ஸ் எண்ட இடத்தில கிடக்கும். அது இல்லாட்டி வருசக்கணக்கா அடிச்ச வினாத்தாள், கூட்டக் குறிப்பு எல்லாம் திறக்கேக்க இங்கிலிஷ் எழுத்தும் குறியுமா நிக்கும். பைல் பழுதெண்டு நினைச்சு ஆக்கள் அழிச்சும் போடுகினம், பொண்டைத் திரும்பப் போட்டால் காணும், எல்லாம் வந்திடும். கிராக் போட்ட வின்டோஸ் வேண்டாம் எண்டும் கடையில சொல்லுங்கோ, லப்டொப் வாங்கேக்க வின்டோஸோட வந்திருந்தால் அதே பதிப்பை நெட்டில கொழுவினவுடன லைசன்ஸைத் தானா எடுக்கும்.